நீல வண்டியின் முன்பிரேக்

அன்று ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் நான்கு பேர். முதலாளி ஸ்டீபன் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ராகவன். அவர் மனைவியின் தம்பி பிரகாஷ். அப்புறம் மெக்கானிக்காகிய நான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்றவர்களுக்கு லீவு.

மாமனும் மச்சானும் ஒரே சமயத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியிருந்தார்கள். ராகவனுடையது நீலம், பிரகாஷுடையது சிவப்பு. இரண்டும் போட்டிக் கம்பெனிகள். இன்ஜின் சிசி கிட்டத்தட்ட ஒன்று, விலையும் பக்கத்துப் பக்கத்தில். எது நல்ல வண்டி என்று சாப்பிட உட்கார்ந்தால்கூடச் சண்டையாம். நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்னதும் அங்கிருந்தே துறையூர் போய்ப் பச்சைமலை ஏறப்போகிறார்கள்.

"செல்வம்ணே, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. மாமா மனசு கஷ்டப்படும்னு பாக்காதீங்க" என்றான் பிரகாஷ்.

"முதல்ல உன் வண்டி மூஞ்சிய அதுக்கே கண்ணாடில காட்டு மாப்ள" என்றார் ராகவன்.

ஒன்பதாவதோடு ஸ்கூலை விட்டவன் நான். தீர்ப்பு என்றாலே எனக்குப் பயம். ஒருத்தருக்குப் பிடித்தமாதிரி சொன்னால் இன்னொருத்தர் சர்வீஸுக்கு வராமல் போய்விடுவாரே!

பார்வைக்கு நீலம்தான். ஹெட்லைட் கூராக, பக்கவாட்டு மூடியான ஃபேரிங் டேங்கோடு ஒட்டி, டயர்கூடப் பளபளவென்று இருந்தது. சிவப்புக்குக் கொஞ்சம் புடைத்த முகம். ஓட்டினால் கதை வேறு. சிவப்பு லோ ஆர்.பி.எம்.மிலேயே இழுத்தது, தில்லை நகர் நெரிசலில் செகண்ட் கியரிலேயே நெளிந்து வந்துவிட்டேன். நீலம் ஏழாயிரம் ஆர்.பி.எம். தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். விழித்துவிட்டால் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும்.

நீலத்தில் திரும்பி வரும்போது ஓர் ஆட்டோ சடாரென்று நின்றது. முன்பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கையும் மிதித்து, ஆட்டோவை முட்டாமல் ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன்.

விஷயத்தைச் சொன்னதும் பிரகாஷ் குதித்தான். "பாத்தீங்களா மாமா! அழகு மட்டும் இருந்தா போதுமா?"

ராகவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"ஒவ்வொரு கம்பெனி வண்டிக்கும் ஒரு குணம்யா. பழகிட்டா சரியாயிடும். சாவியக் குடு, அவங்க கிளம்பட்டும்" என்றார் முதலாளி.

சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மலை இறக்கமும் வளைவுகளும் என் கண்முன் ஓடின. லீவர் கெட்டி என்றால் பிரேக் ஆயில் லைனில் காற்று இல்லை. டிஸ்க்கைக் கவ்வும் பேடும் புதுசு. பிறகு ஏன் பிடிக்கவில்லை?

"குடுக்க மாட்டேண்ணே."

"எதுக்குத்தான் நீ பயப்படல? காத்தடிக்கற கம்ப்ரஸர் வெடிச்சிடும்னு ரோட்டுல நின்னு சாப்பிட்டவன்தானே!" என்றார் முதலாளி.

நான் குனிந்து முன்சக்கர டிஸ்க்கை விரலால் தடவினேன். வழுக்கியது.

"ராகவன் தம்பி, காலைல வண்டிக்கு என்ன பண்ணீங்க?"

ராகவன் ரோட்டைப் பார்த்தார். "டயருக்குப் பாலிஷ் ஸ்பிரே அடிச்சேன்ணே. போட்டோ எடுக்கறப்ப இவன் வண்டி பக்கத்துல டல்லாத் தெரியக் கூடாதில்ல? டிஸ்க் மேலயும் பட்டுது. அதுவும் நல்லா மின்னுச்சா, அப்படியே விட்டுட்டேன்."

பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என்ன தோன்றியதோ, சட்டென்று நிறுத்திக்கொண்டான். "மாமா, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அக்கா என்னைய உயிரோட விட்டிருக்காது" என்றான்.

முதலாளி உள்ளே போய் பிரேக் கிளீனரை எடுத்து வந்தார். டிஸ்க்கைக் கழுவினோம். பாலிஷ் குடித்த பேடைக் கழற்றிவிட்டு வேறு போட்டோம். புதுப் பேட் டிஸ்க்கில் படியும்வரை, அதற்கு மேல் என் மனசு ஆறும்வரை, தெருவில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். லீவரில் இரண்டு விரல் போதும், வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது.

"டவுனுக்குச் சிவப்பு, பைபாஸுக்கு நீலம். பிரேக்குல ரெண்டும் ஒண்ணுதான்" என்று சாவியைக் கொடுத்தேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் துறையூரிலிருந்து ராகவன் போன் செய்தார். "இறங்கிட்டோம்ணே. வளைவுல மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்கப் புடிச்சதும் வண்டி நின்னுடுச்சு."

பின்னால் பிரகாஷ் குரல்: "அவரு வண்டி மூஞ்சியப் பாத்து மாடுதான் பயந்துடுச்சுண்ணே!"

அதற்குப் பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு வண்டியை ஒப்பிடுவதற்கு முன்னால், இன்றைக்குக் காலையில் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கம்பெனியைத் திட்டாதீர்கள், சாவியையும் கொடுக்காதீர்கள்.