புளி போட்டால் போகிற கதிர்வீச்சு

மழைத்தண்ணீரில் வெந்த துவரம்பருப்புக்குத் தனி மணம் உண்டு. எங்கள் வலையபட்டி வீட்டுக் கிணறு உவர்ப்பு என்பதால், கோடை மழை அடித்ததும் ‘வளவு’ என்று நாங்கள் சொல்லும் உள்முற்றத்தில் செம்பு அண்டாக்களை வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடித்துவிடுவோம். வீட்டில் பங்குள்ள எல்லாக் குடும்பமும் அதைத்தான் மொண்டு குடிக்கும், சமைக்கும். இராக்கில் சண்டை நடந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அந்த அண்டாவைச் சுற்றி எங்கள் வீட்டிலும் ஒரு சண்டை நடந்தது.

குவைத்தில் வேலை பார்த்த அத்தான், என் அக்காவின் கணவர், சண்டை மூண்டதும் ஊர் திரும்பினார். எங்கள் வழக்கத்தில் அக்காவையும் ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிடுவோம். என் வள்ளி ஆச்சி தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் பிள்ளை பெற்று, எங்களோடு இருந்தாள். பெற்ற பிள்ளையை அத்தான் இன்னும் பார்த்ததே இல்லை. ஆனால் பாருங்கள், அவருக்கு முன்னாலேயே வதந்தி ஊருக்குள் வந்து இறங்கிவிட்டது: அங்கே மணலுக்கடியில் அணுகுண்டுகளை ஒளித்து வைத்திருக்கிறார்களாம், அவை கசிகின்றனவாம், அங்கிருந்து வருகிறவர் தொட்டால் பச்சைப் பிள்ளைக்கு ஆகாதாம்.

“மாப்பிள்ளை, குத்தமா நெனைக்காதீக, ஒரு மண்டலம் போகட்டும்” என்று எங்கள் பெரியாத்தா, அதாவது ‘அப்பச்சி’ என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் அண்ணன் மனைவி, அவருக்கு வாசலை ஒட்டிய முகப்பிலேயே படுக்கை போடச் சொல்லிவிட்டாள். பிறப்புக்கும் இறப்புக்கும் தீட்டு உண்டென்றால் கதிர்வீச்சுக்கு இருக்காதா என்பது அவள் கணக்கு. அத்தான் முதலில் சிரித்தார். உள்ளே பிள்ளை அழும்போதெல்லாம் எழுந்து நின்று, பிறகு தானே உட்கார்ந்துகொள்வார். இரண்டு நாளில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பாவம் ஒருபக்கம், குறுகுறுப்பு ஒருபக்கம். கதிர்வீச்சு என்ன நிறம், மணக்குமா நாறுமா? அவர் பெட்டியைத் திருட்டுத்தனமாக மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. யார் சொன்னது என்று பெரியாத்தாவைக் கேட்டேன், பால்காரர் என்றாள். பால்காரர் தேவகோட்டை பஸ்ஸில் கேட்டதாகச் சொன்னார், பஸ்ஸில் சொன்னவரோ டிவியில் வந்ததாகச் சொன்னாராம். சரியென்று நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்தேன். இருட்டில் எடுத்த சண்டைப் படமெல்லாம் பச்சைப் பசேலென்று ஓடியதே தவிர, குவைத்திலிருந்து வந்தவரைத் தொடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குள் மழை வந்தது. சும்மா இருக்க முடியாத அத்தான் ஓர் அண்டாவைத் தூக்கி வளவில் வைத்தார். சில நாளில் அதன் விளிம்பில் பச்சை படர்ந்தது.

“ஐயையோ, டிவியில பாத்த அதே பச்சை!” என்று பெரியாத்தா அலறினாள். காலமெல்லாம் செம்புக் களிம்பைத் தேய்த்தே கை தேய்ந்தவள்! நான் ஓடிப்போய் அத்தான் தொடாத அண்டாவைப் பார்த்தேன், அதிலும் பச்சை. ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் கத்திச் சொன்னேன்.

“அப்ப காத்துலயும் பரவிருச்சு!” என்றாள் அவள்.

வள்ளி ஆச்சி அடுப்படிக்குப் போய்ப் புளி எடுத்துவந்து விளிம்பைத் தேய்த்தாள். செம்பு பளபளத்தது.

“புளி போட்டுத் தேச்சாப் போறது என்ன கதிர்வீச்சு? சொல்லுங்க பெரியாத்தா!”

ஆச்சி கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி நேரே முகப்புக்குப் போனாள். “என்ன நிக்கிறீக, வாங்குங்க” என்றாள். அத்தான் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

இன்று அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடினால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அண்டாக்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. போகாதது வதந்திதான். அண்மையில் அந்தப் பக்கம் மறுபடி சண்டை என்றதும், கதிர்வீச்சு வருகிறது, திரும்பி வருகிறவர்களைத் தள்ளி வையுங்கள் என்று போனில் வந்தது. யார் சொன்னது என்று அனுப்பியவளைக் கேட்டேன். “எல்லாரும் போட்டிருக்காங்களே” என்றாள். பால்காரராவது ஒரு பஸ்ஸைக் கைகாட்டினார்.

அந்தப் பிள்ளை மெய்யம்மை இப்போது துபாயில் வேலை பார்க்கிறாள். சண்டைக்கு நடுவே அவள் ஊர் திரும்பியபோது காரைக்குடி ஸ்டேஷனுக்கு அத்தானோடு நானும் போயிருந்தேன். அவளுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கிறது. “அப்பச்சி, கிட்ட வராதீக, குளிச்சுட்டு வாரேன்” என்று அவள் இறங்கும்போதே சொன்னாள்.

அத்தான் பெட்டியைக்கூட வாங்கவில்லை, அவளைக் கட்டிக்கொண்டார். “ஒருதரம் காத்துக் கெடந்தது போதும் தாயி” என்றார்.