கூப்பிடக் கூடாத நாய்

என் வீட்டுக்காரர் ஆர்வில் பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இருட்டிவிட்டால் ரூபிக்குத்தான் அடிமை. ரூபி எங்கள் வேட்டை நாய். ரக்கூன் என்கிற காட்டுப் பிராணியைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் வந்து சேரும்வரை அடியிலேயே நின்று குரைப்பாள். அப்படி நிற்கிற நாயை விட்டுவிட்டு வீடு திரும்புகிறவனை எங்கள் கெண்டக்கி மலைப்பக்கத்தில் மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

அந்த ஜனவரி இரவு ரூபியின் குரல் பழைய சுரங்கக் குளத்துக்கு அக்கரையிலிருந்து வந்தது. குளம் உறைந்து கிடந்தது. பனிக்கட்டி மேலேயே ஓடிக் கடந்திருக்கிறாள்.

"சுத்திப் போனா ஒரு மணி நேரமாகும் மச்சான். நேரா நடந்துரலாம்," என்றான் என் தம்பி கிளெல்.

"நாயத் தாங்கும். உன் தொப்பையத் தாங்குமாடா? நாய் சத்தத்த நம்பி நடக்காத, காலடியப் பாத்து நட," என்றார் ஆர்வில்.

என் தம்பிக்குச் சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை. நாங்கள் சுற்றுவழிக்குத் திரும்புவதற்குள் குளத்தில் இறங்கிவிட்டான். பாதிதூரம்கூடப் போகவில்லை, படீரென்று சத்தம். அவன் தலைவிளக்கு மறைந்தது.

ஆர்வில் குப்புறப் படுத்து ஊர்ந்தார். நானும் படுத்து அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டேன். அடியில் பனி முறுமுறுத்தது. இடுப்பில் கட்டியிருந்த நாய்க்கயிற்றை அவிழ்த்து வீசினார்.

"கையில சுத்திக்கடா! கால உதைச்சு மேல வா!"

இழுக்க இழுக்க விளிம்பு உடைந்துகொண்டே வந்தது. ஒருவழியாக ஏறினான். உதடு நீலம் பாரித்துப் பேச்சு குழறியது. உடனே வண்டிக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றாவிட்டால் பிழைக்க மாட்டான். அக்கரையில் ரூபி இன்னும் குரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளக் கூப்பிடுங்களேன், வந்துருவா," என்றேன்.

"கூப்பிட்டா நேரா இந்த ஓட்டைக்குத்தான் வருவா, ரீவா. வாய மூடிட்டு நட."

கிளெலை ஆளுக்கொரு பக்கம் தாங்கி நடந்தோம். வழியெல்லாம் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது. ஆர்வில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, விடியும்போது சுற்றுவழியாக அக்கரைக்குப் போனோம். சத்தமே இல்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ரூபி மரத்தில் முன்கால்களை ஊன்றி நின்றிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டை கட்டிப்போய்க் குரல் வரவில்லை.

ஆர்வில் மண்டியிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்கடி," என்று அழுதார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பொறாமைப்படக்கூட அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.