ஹெட்செட்டும் போடிமெட்டு வளைவுகளும்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவள் என் மனைவி. நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறவன். கல்யாணமான புதிதில் என் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இப்போது பழகிவிட்டார்கள்.

போன கோடையில் மதுரைத் தோழியிடம் ஒரு வி.ஆர். ஹெட்செட்டை இரவல் வாங்கி வந்தாள். கண்ணை மறைத்துக் கட்டுகிற பெட்டி அது. மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். "நம்ம கம்ப்யூட்டர் இதத் தாங்குமான்னு பாக்கணும்" என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேச்சை மாற்றினேன்.

அவள் பிறந்த வீடு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கிறது. அவள் அப்பா, என் மாமா, ஜீப் ஓட்டுகிறார். எனக்கோ மலை வளைவு என்றாலே குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்துக்கு ஏறியபோது மாமாவின் ஜீப்பை நான் நாறடித்த கதை தெரியாதவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. அதற்குப் பிறகு மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அத்தைதான் போடிக்கு இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது மூட்டுவலியால் அவராலும் இறங்க முடியவில்லை. என் மனைவி தனியாகப் போய்த் தனியாக வந்துகொண்டிருந்தாள். மலைச்சாலையில் கார் தானாக ஏறுகிற ஒரு கேமுக்குள் என்னை உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம் என்பது அவள் திட்டம்.

கம்ப்யூட்டரைச் சோதிக்கிற மென்பொருள் 'தாங்கும்' என்று பச்சைக்கோடு காட்டியது. ஜீப்காரர் மகள் நம்புவாளா?

"காலி ஜீப்பு சிரமமில்லாம ஏறிரும்ங்க. லோடு ஏத்திப் பாக்கணும்."

கேமைப் போட்டு மழை, பனிமூட்டம், மரங்கள் எல்லாவற்றையும் கூட்டினாள். படம் விக்கியது. தலை திரும்பியும் படம் பிந்தி வந்தால் யாருக்குமே குமட்டும் என்றாள். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், போடி வெயிலில் கிராபிக்ஸ் கார்டு கொதித்துக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள், பனிமூட்டத்தைக் குறைத்தாள். தானே மாட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெயாட்டம் போகுது, வாங்க" என்றாள்.

எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டினேன். உட்கார்ந்திருந்தது என்னவோ வீட்டு நாற்காலியில்தான். இரண்டாவது வளைவிலேயே வாளியைத் தேடினேன். மறுநாளும் அதே கதை. "கம்ப்யூட்டர் பத்தலபோல" என்று பெரிய நிபுணர் மாதிரி சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "இன்னொரு தடவ மாட்டு" என்று நானே கேட்டேன்.

அதுவரை அவள் படத்தின் வேகத்தைக் காட்டுகிற, திரை மூலையிலிருந்த எண்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முழு மானிட்டரையும் பார்த்தாள். ஹெட்செட்டுக்குள் நான் எதைப் பார்க்கிறேனோ அதுதான் அதிலும் தெரியும். திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, வளைவு வந்தா எங்க பாக்குறீங்க?"

"ரோட்டத்தான்."

"பொய்யி! மானிட்டர் பூராம் பிரேக்கும் கிளட்சுமாத் தெரியுது. ஜீப்புலயும் இப்பிடித்தான் குனிஞ்சு பழத்த மோந்துக்கிட்டு வந்தீங்களா?"

"பள்ளத்தப் பாக்கப் பயமா இருக்குல்ல?"

"கம்ப்யூட்டரு நல்லாத் தாங்குது. நீங்க தலையத் தூக்குங்க. ரோடு எங்கிட்டுத் திரும்புதோ அங்கிட்டே பாருங்க."

பார்த்தேன். வாளி தேவைப்படவில்லை.

மறுவாரம் மாமாவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் தோட்டவேலைக்குப் போகிற பெண்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த என் மனைவி, வளைவுக்கு வளைவு "ரோடு, ரோடு" என்று என் தோளைத் தட்டினாள். பாதி மலையில் அந்தப் பெண்களும் சேர்ந்துகொண்டு கத்த ஆரம்பித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பழம் சட்டைப்பையிலேயே கிடந்தது.

அத்தை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முன்னெச்சரிக்கையாக இன்னொரு கையில் வாளி. "வாங்க மாப்ளே" என்றவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார். பிறகு என்னைத் தாண்டி, ஜீப்பிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்தார்.

"கூட்டியாந்துட்டியே ஆத்தா" என்று அழுதுவிட்டார்.