என் எட்டு மாச ரகசியமும் ஸ்டெல்லாவோட கேக்கும்

இன்னிக்கு மதியம் பெர்மாஸ் ஜெயாவுல எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக். பக்கத்து மேஜை ஸ்டெல்லாவுக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருச்சு.

நானும் எட்டு மாசமா வேற வேலை தேடுறேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. போன் வந்தா படிக்கட்டுக்கு ஓடிப்போய் மெதுவா பேசுவேன். இன்டர்வியூ நாள்ல பல் வலின்னு லீவு எடுப்பேன். இதுவரைக்கும் நாலு பல் வலி வந்திருச்சு, வேலைதான் வரல.

வயித்தெரிச்சலை மறைச்சுக்கிட்டு அவகிட்ட கேட்டேன். "எப்படிலா யாருக்கும் தெரியாம தேடுன?"

"தெரியாமலா? பாஸ்கிட்டயே சொன்னேன்லா. இங்க மேல போக வழியில்ல, வேற எடம் பார்க்கிறேன்னு. அவர்தான் தன்னோட கூட்டாளி கம்பெனியில என் பேரைச் சொன்னாரு."

அலமாக்! அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாய் கேக்கும் இறங்கல.

சரி, நாமளும் சொல்லிப் பார்ப்போம்னு நேரா பாஸ் ரூமுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே ஆரம்பிச்சிட்டாரு.

"நல்லவேளை, நீங்க எங்கயும் போற ஆளு இல்ல. அந்த நம்பிக்கையிலதான் ஸ்டெல்லாவை விட்டேன். இனிமே அவங்க வேலையையும் நீங்களே பார்த்துக்குங்க."

"சரிங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்து உட்கார்ந்ததும் இன்னும் ரெண்டு எடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினேன்.

இந்தப் பதிவு பாஸ், ஆபீஸ் ஆளுங்க யாரு கண்ணுலயும் படாத மாதிரிதான் போட்டிருக்கேன். வேலை ஏதாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. கமெண்ட்ல வெறும் 'வாழ்த்துகள்' மட்டும் போடுங்க. ஆபீஸ்ல யாராவது என் போனை எட்டிப் பார்த்தா, ஸ்டெல்லாவுக்குன்னு நினைச்சுக்கட்டும்.