கையில் வந்து நிற்கும் கல்

செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். ஒருவர் கீழே நின்று கல்லை வீசுவார், இன்னொருவர் டிராக்டர் பெட்டியின் மேல் நின்று பிடித்து அடுக்குவார். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், செய்யாற்றை ஒட்டியிருந்த ஒரு சூளையில் ஞானசுந்தரியும் அவள் புருஷன் வசந்த்குமாரும் பதிமூன்று வருஷமாக அப்படி ஒரு ஜோடி. அவன் வீசுவான், அவள் பிடிப்பாள். ஒரு வீச்சுக்கு இரண்டு கல். இரண்டும் சேர்ந்தால் ஆறு கிலோ வரும்.

முதன்முதலில் இந்த வேலைக்கு வந்தபோது அவளுக்குக் கை இரண்டும் வீங்கிப்போயின. வருகிற கல்லுக்கு எதிரே கையை விறைப்பாக நீட்டி வாங்கினாள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அறைந்தது. சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொண்டும் எரிச்சல் அடங்கவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அசதியில் கை தானாகத் தளர்ந்து, கல் போகிற போக்கிலேயே கொஞ்சதூரம் கூடப்போய் நெஞ்சருகே நின்றது. அறை விழவில்லை. அட, இவ்வளவுதானா என்று அடுத்த கல்லையும் அப்படியே வாங்கிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சோறு பிசைய அவளுக்குக் கை வந்தது.

இன்னொன்றும் போகப்போகப் பிடிபட்டது. மேலே ஏறி வருகிற கல், திரும்பி இறங்குவதற்கு முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். அந்த நொடியில் எடுத்தால் மேசை மேலிருந்து எடுக்கிற மாதிரிதான். வசந்த்குமாருக்கும் அந்தக் கணக்குக் கைவந்துவிட்டது. பெட்டியில் அடுக்கு ஏற ஏற அவள் நிற்கும் உயரமும் ஏறும். அதற்குத் தக்கபடி அவன் வேகத்தைக் கூட்டுவான். கல் சரியாக அவள் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். வாய் பேச வேண்டியதில்லை.

“வூட்ல சண்ட போட்டுக்கினு வந்த அன்னைக்கு மட்டும் ஒரு சாண் மேல வரும்” என்று கூட வேலை செய்யும் சொக்கம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், ஒரு காலை வேளை. பெட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டிராக்டர் ஓட்டுகிற மோகன், நாலடி முன்னால் எடுத்துக்கொடுத்தால் லாரி நுழைந்துவிடும் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்காமல் கிளட்சை விட்டான். டிராக்டர் எகிறிக் கிளம்பியது.

ஞானசுந்தரியின் கால் வண்டியோடு போயிற்று. உடம்பு போகவில்லை. கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்தவள், பெட்டியின் விளிம்பைத் தாண்டி மல்லாந்து தரைக்கு வந்தாள். விழும்போது இடது கையை ஊன்றினாள். வசந்த்குமார் அதற்குள் வீசிவிட்டிருந்த இரண்டு கல்லும் அவள் நின்றிருந்த இடத்துக்குச் சரியாகப் போய், பிடிக்க ஆளில்லாமல் விழுந்து உடைந்தன.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். அங்கே இருந்த மூன்று நாளும் மோகன் கூடவே இருந்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தான்.

நான்கு மாதம் அவள் வீட்டோடு இருந்தாள். மகள் ஷீபா பத்தாவதுக்குப் போயிருந்தாள். அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். ஷீபாவுக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனசில் நிற்கும்.

“ஓய்வு நிலையில் உள்ள பொருள், வெளியில் இருந்து விசை படாத வரைக்கும் ஓய்வு நிலையிலேயே இருக்கும்.”

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஞானசுந்தரி நிமிர்ந்தாள். “வண்டிய எடுத்தான். காலு போயிடுச்சி, நான் அங்கியே நின்னுட்டேன். அதானடி?”

“அதேதாம்மா. அஞ்சு மார்க் கேள்வி.”

“அஞ்சுதானா?” என்று தகடு வைத்த கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆடி மாதம் வேலைக்குத் திரும்பினாள். பெட்டி மேல் ஏறி நின்று முதல் வீச்சை வாங்கியதும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை சுரீரென்றது. கல் நழுவிற்று. இரண்டாவதும் நழுவிற்று. தூக்குவதற்கு வலியில்லை. கல் வந்து படும்போதுதான் கை தாங்கவில்லை. எவ்வளவுதான் கையைத் தளர்த்தி வாங்கினாலும் கடைசியில் கொஞ்சம் அதிர்ச்சி மிஞ்சத்தான் செய்தது.

சூளை மேஸ்திரி பார்த்துவிட்டு, “உனுக்கு இது தோதுப்படாதும்மா. பச்சக்கல்லு அடுக்கப் போ” என்றார். இன்னும் சுடாத பச்சைக்கல்லை அடுக்குவதில் கூலி பாதிதான். ஆனால் அவளுக்குக் கூலியைவிட, பதிமூன்று வருஷம் செய்த வேலையை இரண்டு வார்த்தையில் பிடுங்கிவிட்டாரே என்றுதான் இருந்தது. இறங்கி வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

“நீ மேல ஏறு. நான் கீய நின்னு வீசறேன்.”

“இன்னா மே பேசுற? நீ வீசி அது அவ்ளோ ஒசரம் வருமா?”

“ஏறுய்யா, பாக்கலாம்.”

முதல் வீச்சு பெட்டியின் பக்கப் பலகையில் மோதித் திரும்பியது. தரையெல்லாம் செங்கல் தூள். கல்லை மேலே தள்ளுகிற அதே வேகத்தில் அவள் கால் பின்னால் வழுக்கியது. பாதி பலம் காலடியிலேயே போய்விட்டது. அவள் கோபப்படவில்லை. துடைப்பம் வாங்கி அந்த இடத்தைப் பெருக்கினாள். மண்வெட்டியால் குதிகால் பதிய இரண்டு சின்னக் குழி வெட்டினாள். குழியில் காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, கையால் தூக்காமல் காலால் எழும்பினாள். கல் போயிற்று. வசந்த்குமாரின் தலைக்கு மேலே போய் அந்தப்பக்கம் விழுந்தது. சொக்கம்மாள் கைதட்டினாள்.

அளவு சரிப்பட ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க வசந்த்குமாரின் கைதான் பாடுபட்டது. வீசியே பழகியவனுக்கு வாங்கத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீங்கிய விரல்களை நீட்டிக் காட்டினான்.

“இப்டியா வந்து அடிக்கும்?”

“சண்ட போட்ட அன்னைக்கெல்லாம் எனுக்கு இப்டித்தான் வந்துச்சி.”

அவன் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கல்ல மொறச்சிக்கினு நிக்காத. அது வர்ற வயியிலயே நீயும் கொஞ்சம் கூடப் போ” என்றாள் அவள். அவனுக்கு அது பிடிபட இன்னும் பத்து நாள் ஆயிற்று.

வேலையில் இன்னொரு மாற்றத்தையும் அவள் கொண்டுவந்தாள். லோடு தொடங்குமுன் டிராக்டரிடம் போய்க் கையை நீட்டுவாள்.

“சாவி குடு.”

முதல் தடவை மோகனின் முகம் சுண்டிப்போயிற்று. “இன்னா அக்கா, எம்மேல நம்பிக்க இல்லியா?”

“நம்பிக்க கீது. சாவியும் குடு.”

கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசிக் கல் ஏறி, வசந்த்குமாரின் கால் தரையில் பட்ட பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். நடுவில் மேஸ்திரி ஓடிவந்து, “பின்னாடி லாரி நின்னுக்கினு கீதும்மா, கொஞ்சம் எடுத்து வுடச் சொல்லு” என்றார்.

“நிக்கட்டும். ஆளு மேல கீறாரு.”

மேஸ்திரி முணுமுணுத்தார். மறுநாளும் முணுமுணுத்தார். பிறகு லாரிக்காரர்களிடமே, ஹாரன் அடித்துப் பிரயோஜனம் இல்லை, சாவி அந்தம்மாவிடம் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்தச் சூளையில் நான்கு ஜோடிகள் லோடு ஏற்றுகிறார்கள். நான்கு ஜோடியும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். போன தை மாதத்திலிருந்து சொக்கம்மாளும் கீழே நின்று வீசுகிறாள். அவளுடைய குழி கொஞ்சம் ஆழம், ஆள் கனமானவள்.