நாலு கிலோ தொள்ளாயிரம்

மூன்றாவது மாடியில் இருக்கும் கண்டக்டரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாயிற்று. கட்டியவர்கூட ‘எங்க கண்டக்டர்’ என்றுதான் சொல்வார். பதினொரு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்தவள். யார் டிக்கெட் எடுத்தாயிற்று, யார் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் நடிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டாலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியை, பிறந்து இரண்டே மாதமான ஒரு பெண்குழந்தை, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறவளாக ஆக்கியிருந்தது.

பல் தேய்க்கும்போது தூங்கினாள். ஒரு நாள் கேஸ் அடுப்பில் வெறும் பாத்திரத்தை ஏற்றிவைத்துவிட்டுப் பால் பொங்கக் காத்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், குழந்தை தூங்கும்போதே நீயும் தூங்கிவிடு என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்கூடத் தாங்கள் குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனதில்லை. யோசனைக்கு மட்டும் இந்த உலகத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

உருப்படியாக ஒரு வழி சொன்னவள் கீழ்வீட்டு பேக்கரிக்காரி. மூன்று பிள்ளைக்காரி. எட்டு மாதத்துப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே மாவு பிசைகிறவள். கட்டடத்து இளம் தாய்மார்களுக்கெல்லாம் அவள் பெரியக்கா. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த கண்டக்டரைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே, “பஸ்ல உனக்கு ஷிப்ட் உண்டுல்ல? இங்க மட்டும் ஏன் இருபத்தி நாலு மணி நேரமும் நீயே நிக்கற? எதிர்வீட்டு டீச்சரும் உன்னை மாதிரிதான் செத்துட்டிருக்கா. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாருங்க” என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் டியூட்டி. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஒருத்தி இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொள்வாள், மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். மறுநாள் முறை மாறும். வானமே இடிந்து விழுந்தாலும் தூங்குகிறவள் கதவைத் தட்டக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் கண்டக்டர்தான். சட்டம் போடுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எதிர்வீட்டு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். கண்டக்டரைவிட ஐந்தாறு வயது சின்னவள், அதனால் அவளை அக்கா என்பாள். புருஷனுக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தரம் முகத்தைக் காட்டுவான். டீச்சரின் பெண்ணுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஆனால் ஆள் சிட்டுக்குருவி அளவுதான், பெயரும் சிட்டு என்றே நிலைத்துவிட்டது. கண்டக்டரின் பெண் ஒரு மாதம் சின்னவள். பிறந்த நாளிலிருந்து குடியே குறியாக இருந்து சிட்டை எட்டிப்பிடித்துவிட்டாள். அவளுக்குப் பெயர் உருண்டை.

இதில்தான் முள் இருந்தது. உருண்டையைத் தூக்குகிறவர்கள் “அடேயப்பா!” என்பார்கள். சிட்டைத் தூக்குகிறவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒன்றும் சொல்லாததை டீச்சர் ஒவ்வொரு தரமும் காது கொடுத்துக் கேட்டாள். சாயங்காலம் ஆனால் மாமியார் போன் வந்துவிடும். “இப்ப எடை எவ்வளவு?” அதற்கு மேல் அந்த அம்மாவுக்குப் பேச்சு கிடையாது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. மணிக்கொரு தரம் பால் கொடுத்தாள். எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம் என்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளைப்போல் சிவப்பு மையில் குறித்து வைத்தாள். யாரோ சொன்னார்கள் என்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். ஒரு நாள், “நான் சரியான அம்மா இல்லைக்கா” என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

ஆஸ்பத்திரியில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை எடை பார்ப்பார்கள். போன தடவை சிட்டு நாலு கிலோ முந்நூறு. வழக்கமான நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “அடுத்த தடவை நாலு எழுநூறாவது இருக்கணும்மா. இல்லைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிடுவேன். அங்க சேர்த்து, ஏன் ஏறலைன்னு பார்க்கட்டும்.” அன்றிலிருந்து டீச்சர் நாள் எண்ணினாள்.

எடை பார்க்கிற நாள் கண்டக்டரின் டியூட்டி நாளாக வந்து வாய்த்தது. காலையில் டீச்சர் குழந்தையோடு வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு, ரவிக்கைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. நானும் வருகிறேன் என்றாள்.

“நீ நிக்கறதே பெரிசா இருக்கு. உருண்டைக்கும் இன்னைக்கு எடை பார்க்கணும், ரெண்டையும் நானே தூக்கிட்டுப் போறேன். நீ போய்ப் படு.”

“அக்கா, ஏறலைன்னா...”

“ஏறியிருக்கும். படு.”

டீச்சர் கையிலிருந்த எடை அட்டையைக் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

ஒன்றைத் துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்டக்டர் நடந்தே போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கல்யாணக் கூட்டம். வழக்கமான நர்ஸ் லீவு. வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள், தலை நிமிராமல், “அட்டை... படுக்க வைங்க... எடுங்க... அடுத்தது” என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றதில் கண்டக்டருக்குக் கண் சொருகியது. இரண்டு குழந்தைகளின் சட்டையையும் கழற்றி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள். அட்டைகள் இடது கையில், விரல் இடுக்கில், டிக்கெட் கட்டைப் பிடிக்கிற மாதிரி தானாகவே போய் உட்கார்ந்துகொண்டன.

சிட்டு அழுதாள். அழுகிறவளை முதலில் முடித்துவிடலாம் என்று அவளைத் தூக்கித் தராசில் வைத்தாள். வலது கை, பதினொரு வருஷப் பழக்கத்தில், கட்டின் மேலே இருந்ததை உருவி நீட்டியது. முதலில் வருகிறவருக்கு மேல் டிக்கெட். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நர்ஸ் எழுதினாள், திருப்பிக் கொடுத்தாள். அடுத்து உருண்டை, அடுத்த அட்டை. அந்த வேலையில் அவள் கை ஒரு நாளும் பிசகியதில்லை. அதனால்தான் அவள் கண் அன்றைக்குக் கையைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது பதினொன்றரை. டியூட்டி முடிய இன்னும் நேரமிருந்தது. ஆனால் எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பொட்டுத் தூங்கவில்லை. எழுந்து வந்து அட்டையைத்தான் முதலில் வாங்கினாள்.

நாலு கிலோ தொள்ளாயிரம்.

டீச்சர் அதை வாய்விட்டுப் படித்தாள். மறுபடி படித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல விரலை வைத்துப் படித்தாள். பிறகு கண்டக்டரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்டக்டரும் அழுதாள். நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு குழந்தைகளும் தங்கள் பங்குக்கு ஊரைக் கூட்டின. “நான்தான் சொன்னேன்ல, ஏறியிருக்கும்னு” என்று கண்டக்டர் மூக்கை உறிஞ்சினாள். டீச்சர் சிட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதே போனைக் காதில் வைத்து, “அத்தை, நாலு தொள்ளாயிரம்” என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலில் அப்படி ஒரு நிமிர்வைக் கண்டக்டர் இதற்கு முன் கேட்டதில்லை.

தன் வீட்டுக்கு வந்து, உருண்டைக்குப் பால் கொடுத்துக் கிடத்தி, அட்டையை அலமாரியில் செருகப் போனவள் எதேச்சையாகத்தான் அதைப் பார்த்தாள். போன தடவை நாலு கிலோ நானூறு. இந்தத் தடவை நாலு கிலோ முந்நூற்றைம்பது.

உருண்டை இளைத்துவிட்டாளா? தொட்டிலில் கிடந்தவளின் தொடையில் மூன்று மடிப்பு இருந்தது. போன வாரம் வரை இரண்டுதான்.

கண்டக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் இடுக்கில் அட்டைகள் இருந்தது, மேலே இருந்ததை உருவியது, எல்லாம் அப்போதுதான் கண் முன்னால் வந்தது. நாலு முந்நூற்றைம்பது சிட்டின் எடை. பதினைந்து நாளில் ஐம்பது கிராம். ஒரு சோப்புக்கட்டியின் எடைகூட இல்லை.

உருண்டையை அள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். பேக்கரிக்காரி மாவுக்கையோடு கேட்டுக்கொண்டாள்.

“இப்பவே சொல்லிடு.”

“எப்படிக்கா சொல்றது? மாமியாருக்கே போன் பண்ணிட்டா. அவ நிமிர்ந்து பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன். இப்பத்தான் தூங்கப் போயிருப்பா. அந்தக் கதவை நான் எப்படித் தட்டுவேன்?”

“எடையைத் திருத்தி லெட்டர் வாங்கணும்ல? ஆஸ்பத்திரி ஒரு மணி வரைக்கும்தான். விட்டா இனி பதினஞ்சு நாள். அந்தப் பிஞ்சு தாங்குமா, நீயே சொல்லு.” பேக்கரிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு உருண்டையை வாங்கிக்கொண்டாள். “இது இங்க இருக்கட்டும். நீ போ.”

மூன்று மாடி. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு மலையாக இருந்தது. தன்மேல் கோபம் கோபமாக வந்தது. சும்மா இருந்தவளிடம் ஒரு சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் பிடுங்கப் போகிறவளை என்ன சொல்வது? வழியில் இரண்டு தரம் நின்றாள். நாளைக்குச் சொல்லலாமே என்று மனசு நைசாகப் பேசியது. அதைக் காதில் வாங்காமல் ஏறினாள். மணி பன்னிரண்டு பத்து.

கதவைத் தட்டினாள். தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாள்.

“திறந்துதான் இருக்குக்கா. வாங்க.”

டீச்சர் தூங்கவில்லை. ஜன்னலோரம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சிட்டு தூங்கினாள். பக்கத்தில் அட்டை கிடந்தது. சிவப்புப் பேனா மூடியபடி இருந்தது.

“டீச்சர்...” என்று ஆரம்பித்தாள் கண்டக்டர். “ஆஸ்பத்திரில ஒரு தப்பு நடந்து போச்சு. என் கைதான். அட்டையை...”

“தெரியும்க்கா.”

கண்டக்டர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அவளைக் கையில வாங்கினதுமே தெரிஞ்சுது. அறுநூறு கிராம் ஏறியிருந்தா இந்தக் கைக்குத் தெரியாதா? ராத்திரி பகலா இவளைத்தானே தூக்கறேன்.” டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் உள்ளங்காலை விரலால் வருடிக்கொண்டே பேசினாள். “ஆனா அட்டையில எழுதியிருந்துச்சு. எழுதியிருக்கறதை நம்பலாம்னு தோணுச்சு. அத்தை போன்ல ‘நல்லா வளர்க்கறே’ன்னு சொன்னாங்க. முதல் தடவைக்கா. நீங்க வருவீங்கன்னு தெரியும். ஒரு மணிக்குள்ள போகணும்னும் தெரியும். அதுவரைக்கும் நல்ல அம்மாவா இருந்துட்டுப் போலாம்னு உக்காந்திருந்தேன்.”

கண்டக்டருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நீ நல்ல அம்மா இல்லை என்றால் வேறு யார் நல்ல அம்மா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்த மாமியாரை நாலு கேள்வி கேட்க வேண்டும்போலவும் இருந்தது. எதற்கும் தெம்பில்லை. உடம்பு முழுக்க அலுப்பு, எலும்புவரை அலுப்பு. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையோடு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம், வேகமாகப் போனால் இருபது. பஸ்ஸில் ஒரு நிமிஷத் தாமதத்துக்குக்கூட டிரைவரோடு சண்டைக்கு நிற்கிறவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

பிறகு டீச்சரின் பக்கத்தில், தரையில், தானும் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நல்லா உக்காரு” என்றாள்.

டீச்சர் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிட்டு தூக்கத்தில் ஒரு முறை சப்புக்கொட்டினாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் ஆனதும், கண்டக்டர் சொல்வதற்கு முன்னாலேயே, டீச்சர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அட்டையை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தாள். குழந்தையை மட்டும் தானே தூக்கிக்கொண்டாள்.