தூக்க டாக்டர் மேற்கே பறந்தார்

விமான டிக்கெட் விற்கும் அந்த அலுவலகத்தில் மூன்று மேசைகள் இருந்தாலும் ஜன்னலோர மேசைக்குத்தான் எப்போதும் கூட்டம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் தூக்க டாக்டர். மற்ற இரண்டு பேரும் டிக்கெட்டைக் கொடுத்து, பணத்தை வாங்கி, ஆளை அனுப்பிவிடுவார்கள். நம் டாக்டர் அவ்வளவு சுலபமாக யாரையும் விடமாட்டார்.

"மொதல்ல உக்காருங்க. மேற்கேயா, கிழக்கேயா?" என்று ஆரம்பிப்பார்.

மேற்கே என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "மேற்கே போறப்ப நமக்குப் பொழுது நீண்டுக்கிட்டே போகும். அதனால கிளம்புறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா லேட்டா படுத்துப் பழகணும். ஃப்ளைட்ல ஏறினதும் வாட்சை அந்த ஊர் நேரத்துக்கு மாத்திடணும். நம்ம ஊர்ல இப்ப மணி என்னன்னு நெனைச்சே பாக்கக் கூடாது. பகல்ல போய் இறங்கினா, இருட்டுற வரைக்கும் தலையைக் கீழ வைக்கக் கூடாது. வெயில்ல நடங்க. எங்கேயும் உக்காராதீங்க, உக்காந்தா போச்சு. காபி மத்தியானத்தோட சரி."

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொல்வார். அதுதான் அவருடைய முத்திரை மருந்து. "முக்கியமா, போய் இறங்கின அன்னிக்கு யாருக்கும் எந்த வாக்கும் குடுக்காதீங்க. தூக்கம் கெட்டவன் படுக்க விட்டா போதும்னு எதுக்கும் சரின்னுடுவான்." இதற்கு ஒரு சாட்சியும் கைவசம் உண்டு. அவரிடம் டிக்கெட் வாங்கிப் போன ஒரு பட்டறை முதலாளி, இறங்கிய அன்றே தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டு ஓர் இயந்திரம் வாங்கிவிட்டார். அது பட்டறை வாசலுக்குள் நுழையாமல் இன்னும் வெளியே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இத்தனை வைத்தியமும் தெரிந்த அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

விமான நிலையத்தில் அவருக்குத் தெரிந்தது வாசலும், வழியனுப்ப வந்தவர்களை நிறுத்திவிடும் கண்ணாடிக் கதவும்தான். மற்றதெல்லாம் ஊர் திரும்பியவர்கள் கண் சிவந்து வந்து புலம்பியதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. இதில் பொய் என்று ஒன்றும் கிடையாது. 'நாம போறப்ப', 'நமக்கு' என்று வாய் கொஞ்சம் தாராளமாகப் பேசும், அவ்வளவுதான். நீங்கள் போயிருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவரும் விட்டுவிட்டார். வீட்டில் மட்டும் யாரும் அவரை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. அவர் மனைவி தூக்கம் வந்தால் படுப்பார், விழிப்பு வந்தால் எழுந்திருப்பார். இதில் பேச என்ன இருக்கிறது என்பது அந்த அம்மாளின் கட்சி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு மகள் ஒரு முட்டுக்கட்டையைப் போட்டாள். மேற்கே ஒரு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகப் போனில் சொன்னாள்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்சம் தேறியதும் தொழில்முறையில் ஒரு காரணம் கண்டுபிடித்தார். "ஊரே தூங்குறப்ப எந்திரிச்சு மாவு பிசையிறவன்மா. நீ விளக்கைப் போடுற நேரத்துக்கு அவன் குறட்டை விடுவான். தூங்குற நேரமே ஒட்டாது, எப்படிக் குடும்பம் ஒட்டும்?"

உண்மைக் காரணம் வேறு. பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிற மாப்பிள்ளை வரப்போவதாக அவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அளந்து விட்டிருந்தார். இப்போது மற்ற இரண்டு மேசைகளிலும் போய் ரொட்டிக்கடை என்று எந்த வாயால் சொல்வது?

மகளும் அப்பாவுக்குப் பிறந்தவள்தான். "நேர்ல வாங்கப்பா. அவரைப் பாருங்க, பேசுங்க. அப்புறமும் வேண்டாம்னு தோணினா அவர் மூஞ்சிக்கு நேரா நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் இந்தப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஆக, அவர் இத்தனை தூரம் சுமந்துகொண்டு போக வேண்டியது 'வேண்டாம்' என்கிற ஒரு சொல். அதைத் தெளிந்த தலையோடு சொல்ல வேண்டும். கொஞ்சம் கண் அசந்தாலும் இயந்திரம் வாங்கிய முதலாளியின் கதிதான். அதனால் இறங்கும் அன்று வாய் திறப்பதில்லை, மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து சொல்வது என்று முடிவு செய்தார். மகளைக் கூப்பிட்டு மருந்துச் சீட்டு முழுவதையும் ஒப்பித்தார். "வந்ததும் தூங்கணும்னு கேப்பேன், விடாதே. கெஞ்சுவேன், திட்டுவேன், அதெல்லாம் நான் பேசுறது இல்ல, தூக்கம் பேசுறது. ராத்திரி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் காதுலயே வாங்கிக்காதே, புரியுதா?"

"புரியுதுப்பா. அப்படியே பண்ணிடலாம்" என்றாள் மகள், கொஞ்சம் அதிகமான பணிவோடு.

விமானத்தில் டாக்டர் ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூட ஒரு பட்டை, காதை அடைக்கப் பஞ்சு, கழுத்துக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு காற்று மெத்தை. அந்த மெத்தையை ஊதி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. ஊதிய பிறகு அது முன்னிருக்கைக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. பணிப்பெண் வந்து பிடுங்கி எடுத்தாள்.

"மொதல் தடவையா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வி. டாக்டர் மென்று விழுங்கி, "மேற்கே... மொதல் தடவை" என்றார்.

வாட்சை மாற்றினார். நடுவில் ஒரு நல்ல தூக்கம், அதற்குப் பிறகு இறங்கும்வரை விழிப்பு என்பது திட்டம். ஆனால் கண்ணை மூடினால்தானே? விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டே போனதில் ஜன்னலில் வெளிச்சம் மங்கவே இல்லை. இறக்கை லேசாக ஆடுவதைப் பார்த்தார். தான் பார்ப்பதை நிறுத்தினால் அது விழுந்துவிடும் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. கண் பட்டையை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் இறக்கையைக் காவல் காத்தார். கூட வந்த மனைவி விமானம் கிளம்பும் முன்பே தூங்கிப்போய், சாப்பாடு வந்தபோதெல்லாம் சரியாக எழுந்து, அவர் தொடாமல் வைத்திருந்த இனிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார்.

இறங்கியபோது அங்கே நடுப்பகல். டாக்டரின் உடம்புக்கு மட்டும் நடுநிசி. விமான நிலையத்துக்கு வந்திருந்த மகளை அடையாளம் கண்டு சிரிக்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மகள் இருந்தது மாடியில் இரண்டு அறைகளில். கட்டிலைப் பார்த்ததும் மனைவி, "எனக்குத் தூக்கம் வருதும்மா" என்று படுத்துவிட்டார். டாக்டர் அந்தக் கட்டிலின் மிச்சப் பாதியை ஏக்கத்தோடு பார்த்தார்.

"உங்களுக்குக் கெடையாதுப்பா. எனக்கு அரை நாள்தான் லீவு, கடைக்குப் போகணும். அவர் மத்தியானத்தோட ரொட்டிக்கடையை மூடிடுவார். நான் வர்ற வரைக்கும் உங்களைப் பாத்துப்பார். நீங்க சொன்னதை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

வாசலில் ஓர் உயரமான ஆள் நின்றான். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. "வாங்க சார், வெயில்ல நடக்கலாம்" என்றான்.

அந்த மத்தியானத்தை டாக்டர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். தெருவில் நிழல் விழுந்த பக்கம் ஒதுங்கப் பார்த்தார். ரொட்டிக்காரன் மரியாதையாக முழங்கையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினான். பூங்காவில் ஒரு பெஞ்சு கண்ணில் பட்டது.

"சித்த உக்காரலாமா?"

"உக்காந்தா போச்சுன்னு நீங்க சொன்னதா அவ சொன்னா சார்."

"சரி, ஒரு காபியாவது?"

"மத்தியானம் தாண்டிடுச்சே சார்."

சாலையைக் கடக்க விளக்கு மாறுவதற்குள் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார். அவன் தோளைத் தட்டி எழுப்பினான். ஒரு வங்கிக்குள் சோபா தெரிய, ஏதோ அவசர வேலை இருப்பவர் மாதிரி விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். காவலாளி வணக்கம் சொல்வதற்குள் ரொட்டிக்காரன் வெளியே அழைத்துவந்துவிட்டான். டாக்டர் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். அவன் காதிலேயே வாங்கிக்கொள்ளாமல், அந்த நகரத்தின் குழாய்ச் சாமான் கடைகள், சலவைக் கடைகள், தையல் கடைகள் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே நடந்தான். இருபது வருடமாக எத்தனை பேரை இப்படி வெயிலில் நடக்கவிட்டிருக்கிறோம் என்று டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெயில் தாழ்ந்ததும் ரொட்டிக்கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான். கையில் ஒரு துணியைக் கொடுத்து, கழுவிய தட்டுகளைத் துடைக்கச் சொன்னான். வேலை இருந்தால் தூக்கம் வராதாம். அடுப்பு இன்னும் கதகதப்பாக இருந்தது. மூலையில் மாவு மூட்டைகள், பருத்தும் மெத்தென்றும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. டாக்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தம்பி, அந்த மூட்டை மேல ஒரு அஞ்சு நிமிஷம் சாஞ்சுக்கறேன்."

"முடியாது சார். மன்னிச்சிடுங்க."

"இந்தச் சட்டமெல்லாம் எவன் சொன்னான்?"

"நீங்கதான் சார்."

"எனக்கு என்னய்யா தெரியும்? நான் ஃப்ளைட்ல ஏறினதே இதான் மொதல் தடவை. வந்தவன் போனவன் சொன்னதை வாய்க்கு வந்தபடி அடிச்சு விட்டுட்டு இருந்தேன். நீயும் அதைப் போய் நம்புறியே."

"இப்படியும் சொல்வீங்கன்னு அவ சொன்னா சார்" என்று அவன் அடுத்த தட்டை நீட்டினான்.

டாக்டர் தட்டை வாங்கவில்லை. மூட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அத்தனை தூரம் பத்திரமாகச் சுமந்து வந்ததை அந்த இடத்தில் போட்டு உடைத்தார்.

"உனக்கு என் பொண்ணுதானே வேணும்? கட்டிக்கோ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. மனசாரச் சொல்றேன், நல்லா இருங்க. இப்ப என்னைப் படுக்க விடு."

அவன் கை அப்படியே நின்றது. காதில் விழ வேண்டும் என்று ஒரு வருடமாக அவன் காத்துக் கிடந்த வார்த்தை. வேறு ஒருவனாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருப்பான். மகளுக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவர் வாயருகே பிடித்திருப்பான். இவன் அந்தத் தட்டை மறுபடி அவர் பக்கம் நீட்டினான்.

"மொத நாள் வாக்கு செல்லாது சார். அதுவும் நீங்க சொன்னதுதான். இந்தத் தட்டுல இன்னும் ஈரம் இருக்கு, தொடைங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டில் டாக்டர் எதைச் சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. தலையணையில் தலை பட்டதுகூட நினைவில்லை.

மேற்கே போன உடம்பு மறுநாள் விடிவதற்கு வெகுமுன்பே விழித்துக்கொள்ளும். இதையும் அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது வெளியே இருட்டு. பக்கத்தில் மனைவி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டருக்குத் தலை துடைத்து வைத்த தட்டு மாதிரி தெளிவாக இருந்தது. நேற்றுச் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதலில் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம்தான். வாக்கு செல்லாது என்று அவனே சொல்லிவிட்டான். 'வேண்டாம்' இன்னும் முழுசாகக் கையில் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. ரொட்டிக்கடையின் பின்கட்டில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தான். அந்த ஊரிலேயே அப்போது விழித்திருந்தது இவர்கள் இரண்டு பேர்தான் போல. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, "இப்ப உக்காரலாம் சார்" என்றான்.

டாக்டர் உட்கார்ந்தார். "நேத்து நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லலையே சார். தூக்கம் வருதுன்னு சொன்னீங்க."

மறுபடி மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டருக்குப் பட்டறை முதலாளியின் நினைவு வந்தது. அந்த ஆளின் சிவந்த கண்ணைப் பார்த்து, நல்ல சமயம் என்று பேனாவை நீட்டினார்களே, அவர்கள் எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள். இவன் நீட்டவில்லை. தானாகக் கைக்கு வந்ததையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்த மாதிரி மாவு பிசைகிறான். டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவில் அவன்மேல் ஒரு பாசமும் வந்து தொலைத்தது. மற்ற இரண்டு மேசைக்காரர்களும் என்ன நினைத்தால் என்ன என்று, வந்து சேர்ந்த பிறகு முதல் தடவையாக நினைத்தார்.

"இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். கேட்டுக்கோ."

பிசைவது நின்றது. அவன் திரும்பவில்லை. "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா சார்?"

"தூங்கினேன்."

"தலை கனமா இருக்கா?"

"இல்ல."

"இப்ப மணி என்ன சார்?"

டாக்டர் வாட்சைப் பார்த்து அந்த ஊர் நேரத்தைச் சரியாகச் சொன்னார்.

"அப்ப சொல்லுங்க" என்றான் அவன். மாவுக் கையோடு திரும்பினான்.

"நேத்து சொன்னதேதான், மாப்பிள்ளை."